மேடு என்று நான் எழுதிய தெரு

அன்பு மிகுந்த ஏகாம்பரம் அண்ணனுக்கு,

உங்களை இப்படி அழைப்பது இதுதான் முதல் தடவை. என்னைவிட ஆறு வயது மூத்தவர் நீங்கள். ஆனாலும் முப்பது வருஷப் பழக்கத்தில் நான் உங்களை 'நீ' என்றேன். நீங்கள் என்னை 'வாத்தியாரய்யா' என்றீர்கள். நம் ஊரில் அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

வரிசைப்படுத்தாமல் எதையும் எழுத எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகையால் சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. நம் ஊரும் ஏரியும் உங்கள் தெருவும் இருக்கும் இடம்.
2. நான் எழுதிய ஊர் வரலாற்றுப் புத்தகமும், அதில் உங்கள் தெருவைப் பற்றிய வரியும்.
3. கலங்கலை வெட்டிய நாள்.
4. மேட்டு மனைக்குப் போட்ட மனுவும், அதன் இன்றைய நிலையும்.
5. அந்த வரி தவறாகப் போனது எனக்கு நேரம் போதாததால்தான் என்பது.

முதலாவது உங்களுக்குத் தேவையில்லை. இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் ஏரியை நம்பி இருக்கும் ஊர். செய்யாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து ஏரியில் சேரும். மதகுகள் வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சிய தண்ணீர் கரையின் ஒரு கோடியில் கல்லால் கட்டிய கலங்கல்மேல் ஏறி வழிந்து, ஓடையாகப் போகும். கோயில், கடைத்தெரு, பள்ளிக்கூடம், எங்கள் வீடுகள் எல்லாம் ஓடையை விட்டு எட்டி இருக்கின்றன. உங்கள் தெரு ஓடையை ஒட்டி இருக்கிறது.

எந்த மதகை எத்தனை நாள் திறப்பது, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்த்த நீர்க்கட்டி நீங்கள். ஊருக்கே தண்ணீர் பங்கிட்ட உங்கள் வீட்டுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது? ஓடை மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து. அதையும் நான் புத்தகத்தில் எழுதவில்லை.

ஊராட்சி ஒன்றியம் வந்த புதிதில், ஊரின் வரலாற்றை எழுதி அச்சிட வேண்டும் என்று பஞ்சாயத்தில் பேசி, அந்த வேலையை என்னிடம் விட்டார்கள். நாலு மாதம் எழுதினேன். ஒவ்வொரு தெருவையும் நடந்து, காலடியை எண்ணிக் குறித்துக்கொண்டேன். கோயில் குளத்தின் படிகளைச் சந்தேகத்துக்கு இரண்டாம் தடவையும் எண்ணினேன். ஏரிக்கரையை அளக்கும்போது நீங்கள்தான் கூட வந்தீர்கள். நடந்துகொண்டே கோயில் சுவரில் வெட்டியிருக்கும் குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன்.

"பேர ஓலையில எழுதிக் கொடத்துல போட்டு, சின்னப் புள்ளைய உட்டு எடுக்கச் சொல்வாங்களா?" என்று கேட்டீர்கள்.

"ஆமாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே."

"அந்தக் கொடத்துல எங்க தெரு ஓலை இருந்துதா, வாத்தியாரய்யா?"

"அதற்கு நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும்" என்றேன்.

"அப்பவே மனை கேட்டுக்கீறாங்க" என்று சிரித்தீர்கள். "நாங்க இன்னும் அதத்தான் தேடிக்கினு கீறோம்."

கலங்கலுக்கு வந்ததும் கீழே கையைக் காட்டினீர்கள். "எறங்குங்க. எங்க தெருவுலயும் ஒரு நடை நடந்துடுங்க. நீங்க அளக்காத தெரு அது ஒண்ணுதான்."

"நேரமாகிவிட்டது, ஏகாம்பரம். இங்கிருந்தே தெரிகிறதே" என்றேன்.

கோடைக்காலம். ஓடை காய்ந்து கிடந்தது. கரைமேல் நின்று பார்த்தபோது வீடுகள் உயரத்தில் இருப்பதாகத்தான் தெரிந்தது. 'சேரி ஓடையை அடுத்த மேட்டில் அமைந்துள்ளது. ஏரி நீரால் இடர் இல்லை' என்று எழுதினேன். உங்கள் வீட்டுப் பெண்கள் வருஷாவருஷம் ஏரி வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டி வீட்டுத் தரையை உயர்த்துகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பார்த்தது நிலத்தின் மேடல்ல. அவர்கள் தலைச்சுமையின் மேடு.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் புத்தகத்தைப் படித்துக் காட்டிய அன்று நீங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டீர்கள். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தீர்கள். "மேடுன்னு கீதே, அது எங்க தெருவா? மழ புடிச்சா எங்க வூட்டுக்கு மொத விருந்தாளி தண்ணிப் பாம்பாச்சே."

"அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம்" என்றேன். அடுத்த பதிப்பு வரவேயில்லை. முதல் பதிப்பில் பாதி இன்னும் பஞ்சாயத்து அலமாரியில் இருக்கிறது.

பிறகு அந்தக் கார்த்திகை வந்தது. ஏரி நிரம்பினால் கலங்கல்மேல் மண்ணும் பனையோலையும் போட்டு அடைத்து, இன்னும் ஒரு முழம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வது நிலக்காரர்களின் வழக்கம். அடுத்த போகத்துக்கு ஆகும் என்பதற்காக. அந்த வருஷமும் அடைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மழையில் கரை கசியத் தொடங்கியது. நானும் குடையோடு அங்கே நின்றிருந்தேன்.

"கலங்கல வெட்டுடா" என்றார்கள்.

"ஒரு நாழி குடுங்க சாமி. புள்ளகுட்டிங்கள மேல ஏத்திட்டு வெட்றேன்" என்றீர்கள்.

"உங்க தெரு மேடுய்யா. வாத்தியாரே எழுதிக்கீறாரே" என்றார் ஒருவர்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் சொல்லியிருக்க வேண்டும். "எதற்கும்..." என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை. மூக்குக்கண்ணாடியில் மழைத்தண்ணீர் வடிந்தது, கழற்றித் துடைத்தேன். நான் அதைத் திரும்ப மாட்டிக்கொள்வதற்குள் நீங்கள் மண்வெட்டியை எடுத்துவிட்டிருந்தீர்கள்.

"கரை ஒடைஞ்சா ஊரே பூடும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெட்டினீர்கள். ஊர் பிழைத்தது. உங்கள் தெருவில் பதினொரு வீட்டுச் சுவர்கள் கரைந்து விழுந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லாரும் ஆறுதலாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன். உங்கள் கையாலேயே உங்கள் தெருவுக்குத் தண்ணீரை விட்ட அந்த நாளைப் பற்றி நீங்கள் ஒருநாளும் என்னிடம் பேசவில்லை. ஏன் பேசவில்லை?

சாலவாக்கம் சாலைப் பக்கம் இருக்கும் மேட்டுப் புறம்போக்கில் உங்கள் தெருவுக்கு மனை கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதித் தந்தது நான்தான். அழகாக, எண்ணிட்டு எழுதினேன். எட்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. நீங்கள் இப்போது குடியிருக்கும் இடமே மேடு, இடர் இல்லை என்று காரணம் காட்டியிருந்தார்கள். ஆதாரமாக என் புத்தகத்தின் பக்க எண் இருந்தது. அந்தப் பக்கத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூட வாசலுக்கு வந்தீர்கள். கோபிப்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். "நீங்க எய்துன மனுவ நீங்க எய்துன பொஸ்தகமே கவுத்துட்ச்சு" என்றீர்கள், கொஞ்சம் சிரித்தபடி. "இன்னா பண்றது? மறுபடியும் ஒண்ணு எய்துங்க."

மறுபடியும் எழுதினேன். பதில் வருவதற்குள், அடுத்த பங்குனியில் நெஞ்சு வலி வந்து நீங்கள் போய்விட்டீர்கள். உங்களை எடுத்துப் போனபோது நான் ஏரிக்கரைமேல் நின்றிருந்தேன். அன்றைக்கும் இறங்கவில்லை.

இப்போதைய செய்தி இதுதான். இரண்டாவது மனு இன்னும் முடிவில்லாமல் கிடக்கிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கடைத்தெருவுக்கு மின்சார விளக்கு வந்துவிட்டது. கம்பம் ஓடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. புத்தகத்தில் எழுதியது தவறு என்று கையெழுத்திட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு மூன்று கடிதம் அனுப்பினேன். நேரில் போய்க் கேட்டபோது அங்கே ஒரு குமாஸ்தா மரியாதையாகவே சொன்னார்: "அச்சுல வந்தா அது ரெகார்டு சார். உங்க லெட்டர் வெறும் லெட்டர்தான்." ஆகவேதான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை ஊர் பார்க்கச் சொல்கிறேன்.

போன வாரம் உங்கள் மனைவி கன்னியம்மாவைக் கரைமேல் பார்த்தேன். புல் அறுத்துக்கொண்டிருந்தார். அளவெடுக்க ஆள் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன்.

"ஆளு இன்னாத்துக்கு? தண்ணி நின்ன கோடு செவுத்துல அப்டியே கீது. என் மாருக்கு நேரா நிக்குது. வந்து பாத்தா தெரியும்" என்றார். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "அவரு கூப்ட்டாரு, நீங்க வர்ல. இப்ப நான் கூப்டுறேன். இன்னா, எங்க தெருவுல புலியா கீது?" என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன். மறுநாள் கலங்கல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அதற்கு மறுநாளும்.

ஐந்தாவதுக்கு வந்துவிட்டேன். அதை எப்படி விளக்கி எழுதுவது என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன்; எழுத்து ஓடவில்லை. குளத்தின் படிகளை இரண்டு தடவை எண்ண எனக்கு நேரம் இருந்தது. கரையிலிருந்து உங்கள் தெரு எத்தனை தூரம்? இருநூறு காலடி இருக்குமா? இறங்கி நடந்துவிட்டு வீட்டுக்குப் போனால், கொல்லைப்பக்கம் நின்று தலைமுழுகிவிட்டு உள்ளே வரச் சொல்வார்கள். எதிர்வீட்டுக்காரர் ஏன் என்று கேட்பார். அதற்குப் பயந்தேன். பயம் என்றுகூடச் சொல்ல முடியுமா? போகக் கூடாத இடம் என்று நானும்தான் நினைத்திருந்தேன். நீங்கள் கூப்பிட்டபோது வெயில்கூட இறங்கவில்லை. ஆகவே, மேலே ஐந்தாவதாக நான் எழுதியது தவறு. அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். என் அச்சை யாரும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஏரி இன்று கலங்கலுக்கு இரண்டு முழம் கீழே நிற்கிறது. கலங்கல்மேல் மண் போடத் தொடங்கிவிட்டார்கள். மனை கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. வருகிற வெள்ளிக்கிழமை, கரைமேல் நாலு பேர் நடமாடும் காலை நேரத்தில், இறங்குவேன். கன்னியம்மாவின் சுவரில் அந்தக் கோடு எத்தனை அடியில் இருக்கிறது என்று என் கையால் அளப்பேன். உங்கள் தெரு மண் ஒட்டிய கால்களோடு என் வீட்டு முன்வாசல் வழியாகவே உள்ளே போவேன்.

நீங்கள் இருந்தவரை அண்ணன் என்று கூப்பிடாத உங்கள் தம்பி,
சபாபதி