மிஷின் கத்தாத ஆள்

ஐப்பசி 12, செவ்வாய், இரவு.

ஏரியில் நாங்கள் வலை விடுகிற இடத்தைத் தோண்டப் போகிற கம்பெனி, எங்களோடு பேச ஊருக்கு ஒரே ஒரு ஆளைத் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தது. பேச வேண்டியவன் என் மச்சான் ஏழுமலை. அவன் குரலெடுத்தால் கடற்கரை வரை கேட்கும். ஊரைச் சிரிக்க வைப்பதைத் தவிர வேறு பேச்சு தெரியாத நான் சும்மா துணைக்குப் போனேன்.

வாசலில் காவலாளி சோதனை மிஷினை மச்சான் இடுப்பருகே நீட்டியதும் அது கத்தியது. வெள்ளி அரைஞாண்.

"வெள்ளியில காந்தம் ஒட்டாதேப்பா, இது ஏன் கத்துது?" என்று என் அறிவைக் காட்டினேன்.

"அவுத்துட்டு வாங்க" என்றான் காவலாளி.

"பொணத்துக்குத்தான்டா இதை அவுப்பாங்க. விடிஞ்சா நான் தண்ணிக்குப் போவணும். மாமா, நீ போ" என்றான் மச்சான்.

என் இடுப்பில் வெறும் கறுப்புக் கயிறு. மிஷின் மூச்சு விடவில்லை.

உள்ளே, "தோண்டினா இறா எங்கய்யா போகும்?" என்றுதான் ஆரம்பித்தேன். என் மூஞ்சியைப் பார்த்தே சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்துத் தொலைத்தேன். அதோடு கூட்டம் முடிந்தது.

சாயங்காலம் மகள் விளக்கினாள். "காந்தம் ஒட்டத் தேவையில்ல நைனா. மிஷின்ல கம்பிச்சுருள் இருக்கு. அதுல கரண்ட் மாறிக்கினே இருந்தா காந்தப்புலமும் மாறும். அது தொடாமலே வெள்ளியில கரண்டைக் கிளப்பும். அது தெரிஞ்சுதான் மிஷின் கத்துது. நம்ம இண்டக்‌ஷன் அடுப்பு சட்டியைச் சுடவெக்கிறதும் இப்படித்தான்."

தொடாமலே பாயுமாம். நான் பேசியது ஒருத்தனுக்குள்ளும் பாயவில்லை.

கூட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோதே, வாசலில் காத்திருந்த மச்சான் ஓடி வந்து கேட்டிருந்தான்: "இன்னா மாமா சொன்னாங்க?"

"டீ குடுத்தாங்க" என்றேன்.