குழாய்ச் சத்தம்

திங்கள்

வீட்டு மகாராணிக்கு,

போனில் பேசினால் பக்கத்துக் கட்டில் வாத்தியாருக்குக் காது நீளும். அதனால் மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லாம் கட்டிலில்தான். ஒரு துணித் திரை, ஒரு பெட்பேன். நர்ஸ் வாசலிலிருந்தே, "தாத்தா, வெளிக்கிப் போனீங்களா?" என்று வார்டுக்கே கேட்கக் கத்துகிறாள். "ஆச்சும்மா" என்று சொல்லிவிடுகிறேன். ஆகவில்லை. ஆகவும் விடமாட்டேன். சோறு அனுப்பாதே. உள்ளே போனால்தானே வெளியே வரும்!

இப்படிக்கு,
மானமுள்ளவன்


செவ்வாய்

மானமுள்ளவருக்கு,

வயிறு கல்லாகிக் கிடக்கிறது, "ஆச்சும்மா"வா? வீட்டில் நீங்கள் கழிவறைக் கதவைச் சாத்தினால் நான் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நிற்க வேண்டும். உங்கள் சத்தம் யாருக்கும் கேட்கக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் நகரக் கூடாது. "தண்ணி வீணாப் போகுது அத்தை" என்று மூட வந்த மருமகள் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் எனக்கு இதே காவல்தான். வெறுத்துப் போச்சு.

நர்ஸிடம் உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

இப்படிக்கு,
குழாயடிக் காவல்காரி


புதன்

காவல்காரிக்கு,

சொல்லித்தான் பாரேன். அப்புறம் இந்த வார்டு வாசலை மிதிக்காதே. நாலு பேர் முன்னால் என்னை அசிங்கப்படுத்தத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாயா?

இன்று வாந்தி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.


வெள்ளி

நர்ஸிடம் சொல்லிவிட்டேன். "இன்னும் விட்டிருந்தா குடல் அடைச்சிருக்கும்" என்றார் டாக்டர். எனிமா கொடுத்தபோது திரைக்கு வெளியே, கை கழுவும் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு நின்றது நான்தான். மூட வந்த நர்ஸிடம், "இருக்கட்டும்மா" என்றேன். திரை விலகியதும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "வெளியே போடி."

மகள் வீட்டுக்குப் போகிறேன். இனிக் குழாயை நீங்களே திறந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெளியே போனவள்


ஞாயிறு

வெளியே போனவளுக்கு,

கோபம் தீரவில்லை. நீ காட்டிக் கொடுத்தவள்தான்.

காலையில் வயிறு முட்டியது. குழாய்ப் பக்கம் ஆள் இல்லை. நர்ஸ் கேட்டாள். "இன்னும் இல்லம்மா, இப்ப வருது, பெட்பேன் குடு" என்றேன், சத்தமாகவே. அப்புறம் வந்த சத்தமும் எல்லோருக்கும் கேட்டிருக்கும். வாத்தியார் பேப்பரைக்கூட இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒண்ணு குடும்மா" என்றார்.

இதற்கா நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்? உனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்துவிடு. நான் கழிவறைக்குள் போனால் நீ கூடத்தில் உட்கார்ந்திரு.