உன் பதினோராவது பை

இன்று காலை புதுப்பட்டிக்குக் கிளம்பும்போது உன் பையைத் திறந்தேன். மூன்று தும்மல்.

நான்காவதும் வரும் என்று நின்றேன். வரவில்லை. போன வருடம் ஐந்து வந்தது.

போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். பை எதிரே ஆணியில் தொங்குகிறது. உன் அறையில் தொங்கியது போலவே, வாய் திறந்தபடி.

உன் அறை என்றால் எனக்கு முதலில் சுவர்தான். விருதுநகரில், நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடி. சுவர் நிறைய ஆணிகள், ஆணிக்கு ஒரு பை. கேமரா மட்டும் ஒன்றே ஒன்று. பேட்டரி இல்லாமல் ஓடும் பழைய ஃபிலிம் கேமரா. உன் அத்தா படியேறி வந்து சுவரைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"தலை ஒண்ணு, தொப்பி பத்து. படிச்ச பிள்ளை நீ, சொல்லக் கூடாதாப்பா?"

"உங்க மண்டில எம்புட்டு சாக்கு கிடக்கு அத்தா? நான் என்னைக்காவது கேட்டேனா?" என்பாய்.

முதல் பையின் பட்டை தோளில் நிற்காது. இரண்டாவது நின்றது, ஆனால் திறக்க இரண்டு கை வேண்டும். "ஒரு கை கேமராவுக்கு, இன்னொண்ணு லென்ஸுக்கு. மூணாவது கைக்கு நான் எங்கன போக?" மூன்றாவதில் வெல்க்ரோ. சாத்தூரில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து அதைப் பிரித்தாய். துணி கிழிகிற சத்தம். மாப்பிள்ளை தாலியை விட்டுவிட்டுத் தன் வேட்டியைத் தடவிப் பார்த்தார். ஆறாவது, துபாயிலிருந்து உன் மச்சான் கொண்டுவந்தது. கறுப்பு. மழைக்கென்று தனி உறை. நம் ஊரில் மழை பெய்தால் ஆளாளுக்கு வாசலுக்கு வந்து நனைவார்கள், நீ பையை மூடிக்கொண்டு நிற்பாயா என்று கேட்டேன். அன்றே அதையும் ஆணியில் மாட்டிவிட்டாய்.

நான் அப்போது மதுரையில் படித்து முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. உனக்கும் ஒன்று வைத்திருந்தேன்.

"குறை பைல இல்லலே. உனக்குப் படம் எடுக்கப் பயம். அதான் பை தேடிக்கிட்டே இருக்க."

நீ கோபப்படவில்லை. "இருக்கலாம்" என்றாய். ஒரு ஜிப்பைத் திறந்தாய், மூடினாய்.

"பை சரியா இருந்தா கை யோசிக்காதுலே. கை யோசிக்கலைன்னா கண்ணு நிம்மதியாப் பார்க்கும்."

உனக்கு வேண்டியதெல்லாம் ஒரு காலண்டர் படம். "கல்யாண ஆல்பத்தை வருஷத்துக்கு ஒருக்கா எடுத்துப் பார்ப்பாக. காலண்டர்ல இருந்தா தினம் பார்ப்பாக." நான் அச்சடித்த காலண்டர்களில் சாமிகள் இருந்தார்கள். குழந்தைகள் இருந்தார்கள். எந்த நாடு என்றே தெரியாத நீர்வீழ்ச்சி இருந்தது. நீ எடுத்தது எதுவும் இல்லை.

பிறகு அந்த ஆர்டர் வந்தது. புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் இளைய முதலாளிக்கு, தன் ஆட்களையே காலண்டரில் போட ஆசை. சரம் பின்னும் கொட்டகையில் பெண்கள் வேலை செய்வது போல ஒரு படம். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவர வேண்டும். நான் உன் பெயரைச் சொன்னேன்.

முதல் நாள் வாசலோடு திரும்பினோம். நினைவிருக்கிறதா, சுவரில் பதித்த அந்தச் செம்புத் தகடு? உள்ளே போகிற எவரும் உள்ளங்கையை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிப்போக. பக்கத்தில் போர்மேன் அண்ணாச்சி. தீப்பெட்டி, செல்போன், செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்தார். உன் சட்டை நுனியை இரு விரலில் தேய்த்து, பருத்தி என்று தெரிந்ததும் விட்டார். பிறகு உன் தோளைப் பார்த்தார்.

"பை நைலான். ஜிப்பு இரும்பு. இது உள்ள வராது."

"கேமராவும் இரும்புதானே அண்ணாச்சி?"

"அது உங்க கழுத்துல தொங்கும். தரையில வச்சீகன்னா அதையும் பிடுங்கிருவேன்."

லென்ஸையும் ஃபிலிம் சுருளையும் எங்கே வைப்பது? சட்டைப்பைக்குள் போட்டால் குனிந்தவுடன் விழும். அங்கே எதுவும் விழக் கூடாது. முதலாளி ஒரு வாரம் தந்தார். முடியாவிட்டால் பழையபடி நீர்வீழ்ச்சி.

அந்த வாரம் உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைகளில் தேடித் தோற்ற பையை இனி நீயே செய்துகொள்ளலாம். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற பாயிடம் போனோம். வெளியே கெட்டிப் பருத்தித் துணி, ஜிப்புக்குப் பதில் கொட்டாங்குச்சிப் பொத்தான், உள்ளே நாலு அறை. அறைத் தடுப்புக்கு மண்டியில் கிடந்த சணல் சாக்கை நாலாக மடித்து நீயே கொண்டுவந்து கொடுத்தாய்.

"என்னத்த வைக்கப் போறீக தம்பி, தயிர்ச் சட்டியா?" என்று கேட்ட பாய், சாக்கை விரித்தார். தும்மினார்.

"புதுச் சாக்கு பாய். ரெண்டு தண்ணில அலசியாச்சு" என்றாய்.

நீ பொய் சொல்லவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னாய். வத்தல் மண்டிக்கு மேலே பிறந்து, அந்த நெடியிலேயே தூங்கி எழுந்த மூக்கு உன்னுடையது. அதற்கு மிளகாய் என்றால் காற்று.

பதினோராவது பை. போர்மேன் அண்ணாச்சி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பொத்தானை நகத்தால் தட்டினார். "இது பை" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பத்துப் பைக்கும் சேர்த்து அந்த ஒரு பார்வை.

கொட்டகையில் ரப்பர் விரிப்பின் மேல் பதினைந்து பெண்கள். கேமராவைக் கண்டதும் எல்லோரும் கல்யாணத்தில் நிற்பது போல நிமிர்ந்தார்கள். நீ பையைத் திறந்தாய். முதல் தும்மல் என்னுடையது. அடுத்தது முன்வரிசை அக்காவுடையது.

"எவடி இங்கன வத்தல் வறுக்குறது?"

"நம்ம போட்டோக்காரர் குழம்பு வைக்க வந்திருக்காரு போலக்கா."

சிரிப்பும் தும்மலும் வரிசையாகப் பரவின. அண்ணாச்சி வாசலில் நின்று கத்தினார். "பின்னுற கையை ஆட்டாதீக! தும்முறவ தலையை அங்கிட்டுத் திருப்பித் தும்மு!" நீ மட்டும் தும்மவில்லை. என்ன நடக்கிறது என்றே உனக்குப் புரியவில்லை. பையின் அடிவரை கைவிட்டு லென்ஸை எடுத்தாய். மாட்டினாய். நெற்றி வியர்வையை வழித்த கையோடு கண்ணையும் வழித்தாய்.

மூக்குக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏலே, கண்ணு போச்சு."

கேமராவை நீட்டினாய். நான் வாங்கவில்லை. பை தூக்க வந்தவன் நான். கல்யாண வீடுகளில் உனக்கு லென்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அது உன் படம், நீ தேடிக்கொண்டே இருந்த படம்.

"பிடிலே. அவுக சிரிக்காக. இப்ப விட்டா இனிமே நிமிர்ந்துதான் உக்காருவாக."

பையை என் தோளில் மாட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குப் போனாய். நான் கேமராவைச் சட்டையில் துடைத்தேன். எடுத்தேன்.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். நீ பின்னால், கண்ணில் ஈரக் கைக்குட்டை. உன் படத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்பதைத் தவிர திருத்தங்கல் வரை என் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினேன். அங்கேதான் கேட்டாய்.

"எத்தனை எடுத்த?"

"முப்பத்தாறும். அடுத்த ரோல் போட்டு அதுலயும் பாதி."

"லென்ஸ் மாத்தினியா?"

"ரெண்டு தடவை."

"பையத் திறக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியலலே. கவனிக்கல."

கைக்குட்டையை எடுத்தாய். மிளகாய்ப் பழம் போல இரண்டு கண். அதில் ஒரு சிரிப்பு.

"அப்போ பை சரிதான்."

முதலாளி தேர்ந்தெடுத்த படத்தில் முன்வரிசை அக்கா பாதிச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பிச் சிரிக்கிறார். அடுத்திருக்கும் பெண் முழங்கையால் கண்ணைத் துடைக்கிறாள். யாருடைய விரலும் நிற்கவில்லை. "பிரமாதம் தம்பி" என்று முதலாளி உன் தோளில் கைவைத்தபோது, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் சொன்னாய். "எடுத்தது இவன் முதலாளி. நான் அப்போ தொட்டில மூஞ்சி கழுவிக்கிட்டு இருந்தேன்."

அடுத்த வருடம் முதலாளிக்கு மறுபடி நீர்வீழ்ச்சி பிடித்துப்போனது. அதற்கடுத்த ஆடிக்கு நீ இல்லை. காமாலை என்றார்கள். மண்டியில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்த உன் அத்தா, நான் வந்ததைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய் இந்த ஒரு பையை எடுத்து வந்தார். "மத்தது அவன் வாங்கினது, கிடக்கட்டும். இது என் சாக்கு. நான் தர்றேன்" என்றார். உள்ளே கேமராவும் இருந்தது.

அச்சகத்தை விட்டுவிட்டேன். இப்போது படம் எடுப்பதுதான் வேலை. டிஜிட்டல் வந்துவிட்டது, அதற்கு வேறு பை இருக்கிறது. பட்டாசுக் கம்பெனிகளுக்குள் போக மட்டும் உன் கேமராவும் இந்தப் பையும். துவைப்பதில்லை. படுக்கும் அறையிலும் வைப்பதில்லை. உன் மூக்கைப் போல என் மூக்கும் பழகிவிடக் கூடாது.

உனக்குப் பயம் என்று சொன்னேனே, அது தப்பு. பயந்தவன் கேமராவை நீட்டமாட்டான்.

இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அந்தப் புதுப்பட்டி முதலாளி மறுபடி கூப்பிட்டிருந்தார். இந்த முறையும் கொட்டகைப் படம்தான் வேண்டுமாம். வாசலில் அதே போர்மேன் அண்ணாச்சி, முடி முழுக்க வெளுத்து. என் சட்டை நுனியைத் தேய்த்தார். பொத்தானைத் தட்டினார். பையைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். தும்மினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட்டாளியும் வந்துட்டாரு போல" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ ரெண்டு பேரும் தகட்டைத் தொட்டுட்டுப் போங்க."

ஒரு கை போதும். நான் இரண்டு கையையும் வைத்தேன்.