‘யோ’ சொல்லத் தெரியாதவள் தேர்தலில் நின்ற கதை

என்ரை றீற்றா அக்கா,

முதலில் சிரித்து முடியுங்கள், பிறகு சொல்கிறேன். பாண் கடையில் இன்னும் விரலை நீட்டிக் காட்டிப் பாண் வாங்குகிற இந்தச் சரசு, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சபைத் தேர்தலில் நின்றாள்.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் இந்த டென்மார்க்கில் காணுகிற மூன்றாவது பனிக்காலம் இது. ஞாயிறுதோறும் உங்கள் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துகிறேன். கொளுத்துகிறவள் சைவக்காரி என்பதாலோ என்னவோ, காற்று உடனே வந்து அணைத்துவிடுகிறது. கோபம் வந்தால் உங்களோடு சண்டை பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். இப்போது யாரோடு பிடிப்பது?

அதனால் இந்தக் கடிதம். புரொண்பியில் எங்கள் ஆட்கள் கையால் எழுதிப் பிரதி எடுத்து அனுப்புகிற இதழில் இதைப் போடச் சொல்லப்போகிறேன். நாலு பேர் வாசித்தால் வாசிக்கட்டும். என் டேனிஷைப் பற்றி எனக்கு இனி வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் ஒரு ‘யா’வால் வந்தது, டேனிஷ்க்காரரின் ஓமால். இலையுதிர்காலத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். கோப்பி, கேக். அதிபர் எழும்பி, பெற்றோர் சபைக்கு ஆட்கள் தேவை, பள்ளிக்கூடத்தில் பிள்ளை படித்தால் போதும், இந்த நாட்டுக் குடியுரிமை இருக்கவேண்டும் என்றில்லை என்று சொன்னார். நான் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சபையின் தலைவி கிர்ஸ்டன், அந்த நெட்டை மனிசி, எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். சிரித்துக்கொண்டு, “நீங்கள் நிற்கமாட்டீர்களா?” என்று டேனிஷில் கேட்டாள்.

நான் அதை எங்கள் காதால் கேட்டேன், அக்கா. எங்களுக்குள் ஒருவர் “நீர் நிக்கமாட்டீரோ?” என்று கேட்டால், “ஓம்” என்றால் என்ன? நிற்கமாட்டேன் என்றுதானே? அதனால் “யா” என்றேன். விளங்காமல் விட்டுவிடுவாளோ என்று பயந்து இரண்டாம் தரமும் “யா, யா” என்றேன். கிர்ஸ்டன் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். மறுத்ததற்கு இவ்வளவு சந்தோசப்படுகிறாளே, நல்ல மனிசி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த கிழமை எங்கள் மகள் வாணியின் புத்தகப் பையில் ஒரு நீலக் கடதாசி வந்தது. தேர்தலில் நிற்கிறவர்களின் பட்டியல். கடைசியில் என் பெயர். பெற்ற தாயே அடையாளம் காணமுடியாத எழுத்தில் இருந்தது.

இவர் வாசித்துப்போட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

“உனக்கு விசரோ? இன்னும் எங்கடை விசாவே முடிவாகேல்லை. அதுக்குள்ளை தேர்தலோ? நாளைக்கே போய்ப் பேரை வெட்டு.”

“நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான்.”

“என்னெண்டு சொன்னனி?”

“யா எண்டு.”

இவர் தலையில் கைவைத்தார். என் மறுப்பைக் கிர்ஸ்டன் சம்மதம் என்று எடுத்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. துணி வெளுக்கும் அறையில் நீங்கள் எத்தனை தரம் சொல்லித்தந்தீர்கள். முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகளை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கும்போது, “உனக்குக் களைக்கவில்லையா?” என்று டேனிஷில் கேட்பீர்கள். நான் “யா” என்பேன். உடனே விரிப்பை வெடுக்கென்று இழுப்பீர்கள், நான் மேசையில் போய் மோதுவேன்.

“யோ எண்டு சொல்லடி. ‘இல்லையா’ எண்டு கேட்டால் ‘இருக்கு’ எண்டு சொல்ல அவையளிட்டைத் தனியா ஒரு சொல் இருக்கு. யோ. இந்தச் சொல் தெரியாட்டில் உன்னையும் இந்த விரிப்பு மாதிரித் தங்கடை விருப்பத்துக்கு மடிச்சு வைப்பினம்.”

“உள்ளதே வாய்க்குள்ளை நுழையேல்லை, அதுக்குள்ளை மறுத்துக் கதைக்க ஒரு சொல்லோ? விடுங்கோ அக்கா,” என்பேன். விட்டீர்களா? அதுவும் இல்லை.

மறுநாள் காலை பெயரை வெட்டத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சத்தியமாக வெட்டத்தான் போனேன். கந்தோர் திறக்கவில்லை. நடையில் பிள்ளைகளின் வகுப்பாசிரியை நின்றாள். என்னைக் கண்டதும் நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னாள். புதுவருசத்திலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு புறம்பு வகுப்பு வைக்கப்போகிறார்களாம். ரெயில் பாதைக்கு அந்தப் பக்கமுள்ள பழைய கட்டிடத்திலாம். புதிய சபை கூடித்தான் முடிவெடுக்குமாம். யார் யாரை அனுப்புவது என்று பெயர்களும் எழுதியாகிவிட்டதாம், அந்தப் பட்டியலையும் காட்டினாள்.

வாணியின் பெயர் அதில் இல்லை. அவளுக்குத்தான் வாய் ஓயாதே. உங்கள் மகள் ஜசிந்தாவின் பெயர் முதலாவதாக இருந்தது. பக்கத்தில், டேனிஷ் தெரியாது என்று எழுதியிருந்தது.

ஜசிந்தாவுக்கா டேனிஷ் தெரியாது? என் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து வாணியும் அவளும் டேனிஷில் சண்டை பிடிப்பார்கள். அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் உங்களைப் புதைத்த நாளிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதில்லை. பக்கத்து மேசை லொட்டெயின் காதுக்குள் மட்டும் ஏதோ சொல்லுவாள். ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் அனுப்பினால் அந்த லொட்டெயும் இல்லை. பிறகு யாரோடு கதைப்பாள்?

இதை அந்த ஆசிரியைக்குச் சொல்ல என்னிடம் என்ன இருந்தது? விரிப்பு, சவர்க்காரம், சுடுதண்ணி, களைப்பு. இவ்வளவுதான் என் டேனிஷ். துக்கத்துக்கு அவர்களுடைய சொல் என்ன என்று அன்றுதான் அகராதியில் தேடினேன். கந்தோர் திறந்தது. நான் பெயரை வெட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பின்னேரம் உங்கள் மனிசன் அல்பிரட் அண்ணையிடம் போனேன். இறைச்சி ஆலைக்கு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். புறம்பு வகுப்புக்குச் சம்மதம் என்று ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டாராம்.

“அவையள் படிச்ச ஆக்கள், சரசு. நல்லதுக்குத்தான் செய்வினம்.”

“பிள்ளையிட்டைக் கேட்டனீங்களோ?”

“அவள் என்னோடையும் கதைக்கிறது குறைவு,” என்று சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டேன். பிறகு படியிறங்கும்போது மனம் கேளாமல் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் தலையாட்டினார். பாவம் அந்த மனிசன்.

வீட்டில் இவர், “எங்கடை பிள்ளையின்ரை பேர் இல்லைத்தானே, உனக்கேன் வீண் வம்பு?” என்று ஒரு கேள்வி கேட்டார். இரண்டு நாள் நான் இவரோடு கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டது எனக்கு மட்டும்தானே தெரியும். தாதி வெளியே போனதும் என் கையைப் பிடித்து, “என்ரை பிள்ளையைக் கைவிடமாட்டாய்தானே?” என்றீர்கள். நான் “ஓம்” என்றேன். கைவிடமாட்டேன் என்ற ஓம். நீங்களும் விளங்கிக்கொண்டு கண்ணை மூடினீர்கள். இதையே டேனிஷில் கேட்டு நான் “யா” என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன், அக்கா. கைவிடுவேன் என்றல்லவா ஆகியிருக்கும்.

தேர்தலில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரு பின்னேரம் மண்டபத்தில் கதைக்கவேண்டும் என்றார்கள். நான் ஒரு பக்கம் எழுதினேன். வாணி திருத்தினாள். ஜசிந்தா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து படம் கீறுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் எட்டி, என் பென்சிலை வாங்கி, ஒரு சொல்லை வெட்டிச் சரியாக எழுதிவிட்டுத் திரும்பவும் படம் கீறினாள். நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

உங்கள் நீலக் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அண்ணை தந்தவர். தோளில் கொஞ்சம் பெரிது.

என் முறை வருமுன்னே ஒருவர் கை உயர்த்தினார். சைக்கிள் கடைக்கார ஹென்னிங். அவரும் தேர்தலில் நிற்கிறார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை, அதுதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “சபையில் வாசிக்கக் கனக்கக் கடதாசி இருக்கும். உங்களால் அவற்றை வாசிக்க முடியாதுதானே?”

கோப்பிக் கரண்டிகளின் சத்தம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய்க்குள் ‘யா’ வந்து நின்றது, அக்கா. பழக்கதோசம். பெரியவர் ஒருவர் மண்டபத்தில் வைத்து இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது ஓம் என்றுதானே எங்கள் தலை ஆடும்? அந்த நேரம் நீங்கள் விரிப்பை இழுத்தீர்கள். நம்பினால் நம்புங்கள், நான் முன்னால் ஒரு அடி தடுமாறினேன்.

“யோ,” என்றேன்.

பிறகு சொன்னேன். “மெதுவாக வாசிப்பேன். அகராதி வைத்து வாசிப்பேன். எல்லாக் கடதாசியையும் வாசிப்பேன்.” எழுதிக்கொண்டு போன பக்கத்தையும் வாசித்தேன். ஒரு பிள்ளையின் தாய் செத்துவிட்டாள், பிள்ளை கதைப்பதில்லை, அது பாசை தெரியாததால் இல்லை, அந்தப் பிள்ளையைச் சிநேகிதியிடமிருந்து பிரிக்கவேண்டாம் என்று வாசித்தேன். ஜசிந்தா திருத்தின சொல் வந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. கிர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஹென்னிங் தானே எழும்பி வந்து எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேற்று வாக்கு எண்ணினார்கள். நாலு வாக்கால் நான் தோற்றுப்போனேன். கிர்ஸ்டன் வென்றாள், ஹென்னிங் வென்றார். இவர் வெளியில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நன்றாகச் சாப்பிட்டார். நான் குசினியில் நின்று அழுதேன். நாலு வாக்கு என்றால் இரண்டு குடும்பம், அக்கா. இஷொயில் இருக்கிற மச்சாள் தொலைபேசியில், “நிண்டதே பெரிய காரியம்” என்றாள். பெரிய காரியமாவது. பிள்ளைக்கு அதனால் என்ன?

புதிய சபை வருகிற செவ்வாய்க்கிழமை கூடுகிறது. புறம்பு வகுப்புத்தான் முதல் விசயம். ஆசனம் இல்லாத பெற்றோர் பின்னால் இருந்து கேட்கலாம், கேட்டால் இரண்டு நிமிசம் கதைக்கவும் விடுவார்களாம். வாக்குப் போட முடியாது. நான் போவதில்லை என்று முடிவு எடுத்துவிட்டேன். தோற்ற முகத்தோடு பின்வரிசை வாங்கில் போய் இருக்க என் ரோசம் விடவில்லை. அதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

இன்று பின்னேரம் நான் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். வாணி வெளியே போயிருந்தாள். ஜசிந்தா மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்தாள். தொலைபேசி அடித்தது. என் இரண்டு கையிலும் மா.

“எடு பிள்ளை,” என்றேன், யோசிக்காமல். அவள் எந்த நாளும் எடுப்பதில்லை. டேனிஷ்க்காரர் யாராவது கதைத்தால் என்ன செய்வது என்ற பயம்.

எழும்பிப் போய் எடுத்தாள்.

கிர்ஸ்டனின் குரல். அந்த மனிசி கதைத்தால் குசினிவரை கேட்கும். “யார், வாணியா?” என்று கேட்டாள்.

பிள்ளை “நை,” என்றாள். “ஜசிந்தா.”

கிர்ஸ்டன் குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள். சரசுவுக்கு மனவருத்தம் இருக்கும், அவள் செவ்வாய்க்கிழமை வரமாட்டாள்தானே என்று.

நான் மா அப்பிய கையை ஆட்டினேன். வரேல்லை எண்டு சொல்லு, வரேல்லை எண்டு சொல்லு. பிள்ளை என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உங்கள் கண் அக்கா அது, விரிப்பை இழுக்குமுன் நீங்கள் பார்க்கிற பார்வை.

“யோ,” என்றாள். பிறகு சுத்தமான டேனிஷில், “நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள். வைத்துவிட்டு மேசைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து கணக்குச் செய்தாள்.

நான் மாக்கையோடு கதிரையில் இருந்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப வாயை மூடிவிடுவாளோ என்று பயம்.

செவ்வாய்க்கிழமை என்ன நடக்கும்? அந்த இரண்டு நிமிசத்தில் அவள் கதைப்பாளா? இல்லை, மண்டபத்தைக் கண்டதும் என் கோட்டுக்குள் முகத்தை ஒளிப்பாளா? ஹென்னிங் எந்தப் பக்கம் கை உயர்த்துவார்? எனக்கு ஒன்றும் தெரியாது. அல்பிரட் அண்ணை, அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாறன் என்று சற்றுமுன் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவள் கதைத்தாலும் சரி, கதைக்காவிட்டாலும் சரி, நான் பக்கத்தில் இருப்பேன். அவர்கள் ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் அனுப்பினால், காலையில் பாதையைக் கடந்து கூட்டிக்கொண்டு போகிறவளும் நான்தான், அடுத்த தேர்தலில் திரும்ப நிற்கிறவளும் நான்தான். இந்த முறை தெரிந்தே நிற்பேன். கைவிடமாட்டாய்தானே என்று கேட்டீர்கள்.

ஓம், அக்கா.

உங்கள் ஜசிந்தாவின் சின்னம்மா,
சரசு