உன் பெயரில் நான் கொடுத்த மனு

பிளாட் புஷ், ஓக்லாந்து, நியூசிலாந்து
12.08.2018

அன்புள்ள தங்கச்சி தமயந்திக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை யாரிடம் கேட்பது? மூன்று கிழமையாகப் போன் அடித்தால் எடுக்கிறாய் இல்லை. டனீடினுக்கு நேரில் வருகிறேன் என்று மெசேஜ் போட்டால், வரவேண்டாம் என்று மட்டும் பதில் வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டமூலம் பற்றிப் பாராளுமன்றம் மக்களிடம் கருத்துக் கேட்டதல்லவா? சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமல்ல, தீராத கடும் நோய் வருத்தம் உள்ளவர்களுக்கும் என்று அதில் இருந்தது. அப்படியானால் மனநோயும் அதற்குள் வந்துவிடும் என்று கோயிலில் கதைத்தார்கள். எனக்குத் தலை விறைத்துப் போய்விட்டது. பூசை முடிந்ததும் மேசை போட்டு, அந்தச் சட்டம் வேண்டாம் என்று பாராளுமன்றத்துக்கு அனுப்ப மனுத்தாள் கொடுத்தார்கள். அர்ச்சனைக்கு வீட்டில் எல்லோருடைய பெயரும் நட்சத்திரமும் நான்தானே சொல்வேன்? அதே பழக்கத்தில் எல்லோருக்கும் நானே எழுதி, நானே கையெழுத்தும் வைத்தேன். உன்னுடையதில் மட்டும், பன்னிரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவள் என்று சேர்த்தேன். சேர்த்தால் கவனிப்பார்கள் என்று நினைத்தேன். அதை இணையத்தில் எல்லோரும் வாசிக்கப் போடுவார்கள் என்று நான் கனவா கண்டேன்?

உன் வேலையிடத்தில் ஒருத்தி அதை வாசித்துவிட்டு உன்னிடம் காட்டினாளாம். கடைசியாக நீ போனில் கதைத்தபோது, என்ட வருத்தத்தை ஊருக்குச் சொல்ல உங்களுக்கு ஆர் உரிமை தந்தது, அந்தச் சட்டம் வேணுமோ வேண்டாமோ எண்டு என்னை ஒருக்காலாவது கேட்டனீங்களோ என்று நீ அழுதது இன்னும் காதில் நிற்கிறது.

நீக்கச் சொல்லி வெலிங்டனில் பாராளுமன்ற அலுவலகத்துக்கு நாலு தரம் போன் பண்ணிவிட்டேன். உரியவர்தான் கேட்க வேண்டும், அண்ணன் கேட்க முடியாது என்கிறார்கள். கொடுக்கும்போது மட்டும் அண்ணன் போதுமாம்! உன் அண்ணி ரதிதேவியும் உன் பக்கம். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் இடித்துத்தான் வைக்கிறாள். நீக்குவதற்கான தாளை இதனுடன் அனுப்புகிறேன். இந்த முறை நான் ஒன்றும் நிரப்பவில்லை.

கேட்கவில்லைதான். ஏன் கேட்கவில்லை என்று யோசித்தாயா? வேணும் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம், தங்கச்சி. பன்னிரண்டு வருடமாக அந்தப் பயத்தோடுதான் உன் நம்பரை அமத்துகிறேன். சரி, இப்போது கேட்கிறேன். என்ன சொன்னாலும் நடுவில் மறிக்காமல் கேட்பேன்.

கோபம் ஆறாவிட்டால் ஆற வேண்டாம். இன்னும் நாற்பது வருடம் இருந்து என்னைத் திட்டு.

உன் அண்ணன்,
மகேசன்