பத்து சென்ட் இடம்

14-2-1970

சௌபாக்கியவதி தேவகிக்கு அம்மா லோகாம்பாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் காமாட்சி அம்மன் துணை இருக்கட்டும். இங்கே யாவரும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். இனி நடப்பை எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிலாயில் குளிர் குறைந்துவிட்டது, வாந்தி நின்றுவிட்டது, இரண்டு வேளையும் சாப்பிடுகிறாய் என்று படித்தபோது எனக்கும் பசித்தது. பங்குனியில் வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப்போக அப்பா வருவாரா, டிக்கெட்டுக்கு இப்போதே சொல்லி வைக்கட்டுமா என்று மாப்பிள்ளை கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழேயே, நம் ஊர் தாய்சேய் நல விடுதியைக் கட்டி முடித்தாயிற்றா, நர்ஸம்மா வந்துவிட்டாளா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டாவதற்குப் பதில் சொன்னால்தான் முதலாவதற்குச் சொல்ல முடியும். பொறுமையாகப் படி. எனக்குத்தான் பொறுமை போய்விட்டது.

உன் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் யூனியன் ஆபீஸிலிருந்து ஓலை வந்ததே, நினைவிருக்கிறதா? நம் ஊருக்கு ஒரு விடுதி, நான்கு கட்டில், ஊரிலேயே தங்கும் நர்ஸம்மா. கட்டடத்துக்குச் சர்க்கார் பணம் தரும், ஊர் பத்து சென்ட் இடம் தந்தால் போதும். அன்றைக்கு நம் தெருப் பெண்கள் எத்தனை பேர் ஆளுக்கொரு தாம்பாளத்தோடு கோயிலுக்குப் போனோம்! மருத்துவச்சி அங்கம்மாள்கூட வந்தாள். தனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இனிமேல் நர்ஸம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளே சொன்னாள்.

இடம் பார்க்க சர்வேயர் வந்தார். எந்த நாளில் வந்தார் தெரியுமா? அமாவாசையன்று. நம் தெருவில் அன்றைக்குத் தறியில் யாரும் உட்கார மாட்டார்கள், பாவும் போட மாட்டார்கள் என்பது பச்சைக்குழந்தைக்கும் தெரியும். அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. தெருக்கோடியில், தறியில் ஏற்றும் முன் நாம் பாவு இழைகளை நீட்டிக் காயவைக்கும் திடல் காலியாகக் கிடந்தது. ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்ததாம். புறம்போக்கு, உபயோகத்தில் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ வந்திருந்தால், விடியற்காலையில் திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டுப் பாவு நீண்டிருப்பதைப் பார்த்திருப்பார். அன்று ஆண்கள் யாரும் வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எல்லோரும் குளித்துப் படையல் போட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள், உன் அப்பா உட்பட.

போன ஆடி மாதம் காண்டிராக்டர் லாரியில் செங்கல்லோடு வந்தபோதுதான் தெருவுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அடுத்த வீட்டுப் பாவு நீட்டிக் கஞ்சி தெளித்துக் காய்ந்துகொண்டிருந்தது. எடுங்கள் என்கிறார் அவர். பாதியில் எடுத்தால் இழை சிக்கிக்கொள்ளும் என்கிறார்கள் இவர்கள். லாரி மத்தியானம் வரை நின்றது. பாவு காய்ந்து சுருட்டியதும், அதே இடத்தில் அடுத்த பாவைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் லாரி திரும்பிப் போய்விட்டது.

அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல்தான் பேசுகிறது என்பாய். பாவு போட அந்த இடம் இல்லையென்றால் முப்பது தறியும் நிற்கும். தெருவிலேயே நீட்டலாமென்றால் போன வருஷம் யூனியன் நட்ட விளக்குக் கம்பங்கள் குறுக்கே நிற்கின்றன. கம்பம் இருக்கிறது, விளக்குதான் இன்னும் வரவில்லை. ஆகவே அந்தத் திடலைத் தர முடியாது என்று உன் அப்பா சொன்னது நியாயம்தான். எனக்கும் சம்மதம்தான். வேறு இடம் பாருங்கள் என்றேன்.

வேறு இடம் தானாகவே வந்தது. காலனியிலிருந்து சாமுவேல் கொத்தனார் வந்தார். அவர்கள் சர்ச்சுக்குப் பக்கத்தில் காலனிக்காரர்களுக்குப் பொதுவான நிலம் இருக்கிறதல்லவா, அதில் பத்து சென்டை எழுதித் தருவதாகச் சொன்னார். மண் வேலைக்குக் கூலி வாங்காமல் ஆள் தருவதாகவும் சொன்னார். வாசலுக்கு வெளியே தெருவில் நின்றுதான் சொன்னார். உள்ளே வாங்க என்று உன் அப்பா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் போனதும் எல்லா ஆண்களும் நம் வீட்டில் கூடினார்கள். "நம்ம ஊட்டுப் பொண்ணுங்க காலனியில போயி புள்ள பெத்துக்கினு வருமா?" என்று ஒருவர் கேட்டார். அதோடு முடிந்தது. நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்து, வலி எடுத்தவள் எந்தத் தெரு என்று பார்த்துக்கொண்டா இருப்பாள் என்று கேட்டேன். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். உன் சிநேகிதி பூவம்மாள் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு நான்காம் மாதம். "நான் போறேன் பெரிம்மா, எனக்கு இன்னா?" என்று என் காதில் சொன்னாள். சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவள் மாமனார் அங்கே உட்கார்ந்திருந்தார், அதனால் சொல்லவில்லை.

பிறகு உன் அப்பா மனு எழுத உட்கார்ந்தார். உனக்குத் தெரியும், அவர் மனு எழுதினால் தெருவே கைகட்டி நிற்கும். சமூகம், மேன்மை தங்கிய, தயவு கூர்ந்து எல்லாம் வரும். இடத்தை மாற்றுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். காலனி என்று எழுதக் கை வரவில்லை. காலனி வேண்டாம் என்று எழுதினால் சட்டம் பிடிக்கும். ஆகவே என்ன எழுதினார் தெரியுமா? எங்கள் ஊருக்கு இந்த விடுதி அவசியமே இல்லை, எங்கள் பெண்கள் தொன்றுதொட்டு வீட்டிலேயே சுகமாகப் பிரசவித்து வருகிறார்கள் என்று எழுதினார். எழுபத்திரண்டு கையெழுத்து. ஒன்றுகூடப் பெண்பிள்ளை கையெழுத்து இல்லை.

இது எனக்கு அப்போது தெரியாது. புரட்டாசியில் ஒன்றும் நடக்கவில்லையே என்று நானே பஸ் ஏறி யூனியன் ஆபீஸுக்குப் போனேன். ஒரு மேஜைக்காரர் அடுத்த மேஜைக்குப் போகச் சொன்னார். அந்த மேஜைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்ததும், இது கட்டடம், அந்தப் பக்கம் என்றார். அந்தப் பக்கத்தில் இது சுகாதாரம், இந்தப் பக்கம் என்றார்கள். ஓவர்சியர், "இன்னாம்மா, ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டார். ஆம்பளைங்க வந்ததால்தான் நான் வரவேண்டியதாயிற்று என்று சொல்லிவிட்டு, நேராக பி.டி.ஓ. அறைக்குள் போய்விட்டேன்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஒரு கட்டைப் பிரித்து, உங்கள் ஊரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே அம்மா என்று காட்டினார். உன் அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. அதைப் படித்துவிட்டு அந்த அறையில் நான் நின்ற நிலை என் எதிரிக்கும் வரக்கூடாது. ஒன்றியக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பணத்தை ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த ஊரில் உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் இடம் கொடுத்திருக்கிறார். இப்போது கட்டடம் எழும்பிவிட்டது. நர்ஸம்மா இன்னும் நியமிக்கப்படவில்லை. அதுவரை சும்மா கிடப்பானேன் என்று உள்ளே யூரியா மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நான் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் பத்து நாள் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

இதற்கு மேல் எழுத வேண்டியதைப் போன இரண்டு கடிதங்களிலும் எழுதாமல் விட்டேன். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு எழுதக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதாவிட்டால் நீ கிளம்பி வந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பக்கத்தில் மாப்பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு படி.

பூவம்மாள் ஏன் உனக்குப் பதில் போடவில்லை என்று கேட்டிருந்தாய். மார்கழி பத்தாம் தேதி காலை அவளுக்கு வலி கண்டது. அங்கம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே இருக்கிறது, என்னால் ஆகாது, காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றாள். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தோம். நானும் ஏறினேன். முசரவாக்கம் தாண்டி அந்தச் சின்னப் பாலம் ஐப்பசி மழையில் உடைந்தது, யூனியனில் அடுத்த கூட்டம் அடுத்த கூட்டம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். வண்டியைப் பள்ளத்தில் இறக்கினோம், சக்கரம் புதைந்துவிட்டது. அந்தப் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாமுவேலும் காலனி ஆட்களும் சேற்றில் இறங்கி வண்டியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவள் மாமனார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது, பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது. பூவம்மாள் இல்லை, கண்ணு. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் பிடி விட்டுப்போயிற்று. அந்தக் குழந்தைக்கு நம் தெருவில் கைக்குழந்தை இருக்கும் இரண்டு பேர் மாறி மாறிப் பால் கொடுக்கிறார்கள்.

அதற்குப் பிறகு உன் அப்பா நான்கு மனு எழுதிவிட்டார். தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று நான்கு கார்டு வந்திருக்கிறது. தை பிறந்ததும் ஒரு நாள் சட்டை போட்டுக்கொண்டு காலனிக்குப் போனார். நானும் கூடப் போனேன். சாமுவேலின் வீட்டுக்குள் உட்கார்ந்து, அவர் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். இடம் வேண்டும் என்று கேட்டார். "இடம் அப்படியேதான் இருக்குதுங்க முதலியார். துட்டுதான் ஊரத் தாண்டிப் போயிடுச்சு" என்றார் சாமுவேல். குரலில் கோபம்கூட இல்லை, இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லோருமாகச் சேர்ந்து இப்போது மனு போட்டிருக்கிறோம், பெண்கள் கையெழுத்தும் ரேகையும் நூற்றுப் பத்து. அடுத்த வருஷத் திட்டத்தில் பார்க்கலாம் என்கிறார் பி.டி.ஓ. உனக்கு வைகாசியில் நாள். பாலம்கூட அதற்குள் வராது.

இந்தக் கடிதத்தை உன் அப்பாதான் எழுதுவதாக இருந்தது. நேற்று காலை உட்கார்ந்தார். உன் பெயரை எழுதினார், அதற்கு மேல் ஓடவில்லை. ஊருக்கெல்லாம் எழுதுகிறவர், நீயே எழுதிவிடு என்று பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பாவுத் திடலுக்குப் போய்விட்டார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே. அந்த வேலையை அவருக்கும் சேர்த்து நான் செய்கிறேன்.

ஆகவே டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். ஆலை ஆஸ்பத்திரி உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம், டாக்டரம்மா எந்நேரமும் இருக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அங்கேயே இரு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைக்காதவள் என்று இந்தத் தெரு என்னைப் பேசும், உன் மாமியார் வீட்டிலும் பேசுவார்கள். பேசட்டும். பட்டணத்துக்கு அப்பால் நான் ரயிலில் போனதில்லை, இந்தியும் தெரியாது. சித்திரை கடைசியில் நானும் அப்பாவும் வளையலும் மருந்துச் சாமானும் எடுத்துக்கொண்டு வந்துசேர்கிறோம். துர்க் ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்து நிற்கட்டும்.

நீ பிறந்த வீட்டில் உனக்கு ஒரு மூலை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். அதைத் தினமும் பெருக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வந்துவிடாதே, தேவகி. அழுதாலும் வராதே. பெற்றவள் காலில் விழுந்து கேட்கக்கூடாது என்பார்கள், கேட்டதாக வைத்துக்கொள். தாயும் பிள்ளையுமாக இரண்டு உயிராக நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை வரவேண்டாம் என்று சொல்லும்
அம்மா லோகாம்பாள்