நானே அணைத்த இணைப்பு

ஜூலை 12, வெள்ளி. டெலானிபூர்.

கச்சால் தீவின் கப்பல் டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து செல்வி அக்கா, கம்ப்யூட்டர் கோளாறுகளைப் பார்க்கும் எனக்கு மூன்று மணிக்கு போன் செய்தார். டிக்கெட் போடும் பக்கம் நகரவே இல்லையாம்.

"தம்பி, சுருக்கா பாருங்க. முன்னுக்கு ஒரு புள்ளத்தாச்சி நிக்கிறா. நாளைக்கு விடிய கப்பல்ல அவ போயே ஆகணும்."

இங்கிருந்தே விபிஎன் வழியாக அக்காவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தேன். சாட்டிலைட் லைன் இழுத்துக்கொண்டே இருந்தது. நெட் இழுத்தால் இந்தத் தீவுகளில் எல்லோரும் அதை ஒருமுறை அணைத்து மறுபடி போடுவோம். கை பழக்கத்தில் அணைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அணைந்தது என் நெட் இல்லை, அங்கே உள்ளது. நான் உள்ளே போகும் வழியும் அதுதான்.

அதை மறுபடி போட, அங்கே யாராவது ஒரு கிளிக் செய்தால் போதும். அதைச் சொல்ல போன் அடித்துக்கொண்டே இருந்தேன். மழையில் அங்கே டவர் போய்விட்டது.

எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். அவர், "மௌசம் கராப் ஹை. கல் தேகேங்கே," என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வானிலை மோசமாம், நாளைக்குப் பார்ப்பாராம். கப்பல் விடியும்போதே புறப்பட்டுவிடும். டிக்கெட் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து.

லேப்டாப்பை மூடாமல் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அக்காவின் திரையிலிருந்து கடைசியாக வந்த படம் அதில் அப்படியே நிற்கிறது. பெயர் மகேஸ்வரி, வயது இருபத்திரண்டு, ஏறும் இடம் கச்சால். இறங்கும் இடத்தில் "போர்ட்" வரைக்கும்தான் அக்கா அடித்திருக்கிறார். மீதியை நான் இங்கிருந்து தட்டிப் பார்த்தேன்.

ஓர் எழுத்துகூட விழவில்லை.